தொட்டியின் பக்கமிருந்து

இசுஸு வி-கிராஸ் வைத்திருப்பவரிடம் பத்து நிமிடம் பேசினால் ஒரு புலம்பல் வந்துவிடும். "உலகம் பூரா புது மாடல் ஓடுது, நமக்கு மட்டும் பழைய மூஞ்சி."

புலம்பலில் உண்மை இருக்கிறது. டி-மேக்ஸ் என்ற பிக்கப்பின் இரண்டாம் தலைமுறை 2011 அக்டோபரில் தாய்லாந்தில் அறிமுகமானது. அது வி-கிராஸ் என்ற பெயரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2016 மே மாதம். மூன்றாம் தலைமுறை 2019 அக்டோபரில் பாங்காக்கில் வெளியானது. அதற்குப் பிறகு இங்கே நடந்தவை: 2021-இல் பிஎஸ்6-க்காக 1.9 லிட்டர் இன்ஜின், 2024 மே மாதம் சாய்ந்துகொள்ளும் பின்சீட்டு, அங்கங்கே அடர்சாம்பல் பூச்சு. உடம்பு 2011-இல் வந்த அதே உடம்பு.

எரிச்சலைக் கூட்டும் இன்னொரு விஷயம் தூரம். சென்னையிலிருந்து ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினால் தடா. அங்கே இடப்பக்கம் திரும்பினால் ஸ்ரீசிட்டி. 2016 ஏப்ரலில் திறந்த இசுஸு ஆலை அங்கேதான் இருக்கிறது. பெயருக்கு ஆந்திரா. எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அது இன்னொரு ஷிஃப்ட் பஸ், அவ்வளவுதான். அந்த ஆலை எழும்புவதற்கு முன்னால், 2013 வாக்கிலிருந்து, இசுஸுவுக்கு வண்டி பொருத்திக் கொடுத்தது திருவள்ளூர் பக்கத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை. 1998-இலிருந்து மிட்சுபிஷி லான்சர் வெளியே வந்த அதே இடம். இந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலிருந்து சிட்ரோயன் கார்கள் வருகின்றன. ஆக, இந்த மாவட்டம் இந்தப் பிக்கப்பை அதன் குழந்தைப் பருவத்திலிருந்து பார்த்திருக்கிறது. வாசலில் செய்கிற வண்டியின் புது வடிவம் ஆஸ்திரேலியாக்காரனுக்குக் கிடைக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லை என்றால் கோபம் வரத்தானே செய்யும்?

எதிர்க்கட்சியும் உண்டு. பழசுதான் வண்டி, புதுசு பொம்மை மாதிரி இருக்கு என்பவர்கள். பழையதின் முன்விளக்கு மேல்நோக்கி ஓடுகிற விதம், அந்தக் கன்னத்துச் சதை, கொஞ்சம் அசட்டுத்தனமான குரோம் கிரில், எல்லாவற்றையும் பழைய பாட்டைப் பற்றிப் பேசுவதுபோல உருகி உருகிப் பேசுவார்கள். இரண்டு கட்சிக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். இரண்டு கட்சியும் பேசுவது வண்டியின் முன்னால் நின்றுகொண்டு. இந்தக் கட்டுரையைப் பின்னால் போய் நின்று எழுதலாம் என்று பார்க்கிறேன். பிக்கப் என்பது பின்பக்கத்துக்காகச் செய்யப்பட்ட வண்டி. அதன் மறுவடிவமைப்பை மதிப்பிட வேண்டிய இடமும் அந்தத் தொட்டிதான் என்பது என் கட்சி.

நான் கவரைப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, என் வகுப்பில் முக்கால்வாசிப் பேரைப்போல மென்பொருளுக்குப் போனவன். எங்கள் தொழிலில் ரீடிசைன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு சந்தேகம் வரும். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், பொத்தான்களின் மூலைகள் உருண்டையாகப் போகின்றன என்பதுதான். உள்ளே பத்து வருடத்து கோட் அப்படியே கிடக்கும். ஒரு படிவத்தை நிரப்ப ஏழு திரை தாண்டவேண்டிய குமாஸ்தா அப்போதும் ஏழு திரை தாண்டுவார். என்ன, இப்போது ஏழும் அழகாக இருக்கும். அந்தக் குமாஸ்தாவிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முடிவெடுக்கிறவர் படிவம் நிரப்புகிறவர் கிடையாது.

இந்தச் சந்தேகத்தோடு வண்டிகளின் வரலாற்றைப் பார்த்தால் நமக்கு வெகு அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அம்பாசிடர். 1950களின் கடைசியில், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3-ஐ எடுத்து வந்து செய்த கார். 1960களில் மார்க் 2, 1975-இல் மார்க் 3, 1979-இல் மார்க் 4. ஒவ்வொன்றிலும் சாதாரணக் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் முன்பக்கத்தில், முக்கியமாகக் கிரில்லில். உத்தரபாராவில் 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை கூரையும் கதவும் பின்பக்கத்து வளைவும் ஏறக்குறைய அதேதான். ஒரு தேசமே மூன்று தலைமுறையாக மூக்குத்தி மாற்றிக்கொண்டதைப் புது மணப்பெண் என்று நம்பியது. அந்த அம்பாசிடருக்குள்ளேயும் ஒருநாள் நிஜமான மாற்றம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த 1800 ஐஎஸ்இசட். அதில் இருந்தது இசுஸு இன்ஜின். அதற்கு முன்பே கான்டெஸாவில் ஏறியிருந்த இன்ஜின். ஓட்டியவர்களைக் கேட்டுப்பாருங்கள், அதுவரைக்கும் உருண்டுகொண்டிருந்த கார் முதல்முறையாக ஓடியது என்பார்கள். முகத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. இசுஸுவுக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு அப்படித் தொடங்கியது: வெளியே தெரியாத மாற்றமாக.

சரி, டி-மேக்ஸுக்கு வருவோம்.

மூன்றாம் தலைமுறையின் முகம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். கிரில் அகன்று, அதன் கம்பிகள் விளக்கோடு போய்ச் சேர்கின்றன. தோள்பட்டையில் ஒரு தெளிவான கோடு. பழையதற்கு இருந்த ஊதிய கன்னம் போய்விட்டது. படங்களில் முன்பக்கத்தை முக்கால்வாசி திருப்பித்தான் எடுப்பார்கள், அந்தக் கோணத்துக்காகவே வரைந்தது போலிருக்கும். ஆனால் இந்த முகம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 2020-இல் மஸ்டா தன் பிடி-50 பிக்கப்பை இதே டி-மேக்ஸின் எலும்புக்கூட்டின்மேல் கட்டியது. மஸ்டா கார்களில் பார்க்கிற அந்த மெல்லிய கண்ணும் சிரிப்பும் அதில் இருக்கின்றன. ஒரே சட்டகம், ஒரே கூண்டு, இரண்டு முகம். டி-மேக்ஸின் ஆக்ரோஷமும் மஸ்டாவின் நாசூக்கும் ஒரே உடம்பில் மாட்டிக் கழற்றக்கூடியவை என்றால், அந்த ஆக்ரோஷம் எந்த வேலையிலிருந்து வந்தது? எந்த வேலையிலிருந்தும் வரவில்லை. அது விற்பனைக்கூடத்திலிருந்து வந்தது.

அளவுகள் இன்னும் நேர்மையானவை. வி-கிராஸின் நீளம் 5,295 மில்லிமீட்டர், சக்கரங்களுக்கு இடையே 3,095. மூன்றாம் தலைமுறையின் இரட்டைக் கேபின் வண்டி 5,265 நீளம், 3,125 இடைவெளி. வண்டி 30 மில்லிமீட்டர் சுருங்கியிருக்கிறது, சக்கரங்கள் 30 மில்லிமீட்டர் விலகியிருக்கின்றன. முன்னும் பின்னும் துருத்திக்கொண்டிருந்ததை வெட்டி, நடுவில் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பொறியியல். பின்சீட்டில் உட்காருபவர் முழங்காலுக்குச் சாதகம், மேடுபள்ளத்தில் குதிப்பதும் குறையும். எனக்குள் இருக்கிற மெக்கானிக்கல் மாணவன் இதைப் பார்த்துக் கைதட்டுவான். தொட்டிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால்தான் கைதட்டல் நிற்கும்.

வி-கிராஸின் தொட்டி 1,485 மில்லிமீட்டர். அடிக்கணக்கில் சொன்னால் வண்டி 17 அடிக்கு மேல், தொட்டி 5 அடிகூட இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருட்டாலைகளிலிருந்து வெளியே வருகிற கட்டுமானக் கம்பி 40 அடி நீளம். நடுவில் மடக்கி யு மாதிரி ஆக்கினாலும் 20 அடி. அதை லாரியில் கொண்டுபோவார்கள், அதற்கு வி-கிராஸைக் கேட்பது அநியாயம். நியாயமாகவே கேட்கலாம்: சென்ட்ரிங் பலகை? எட்டடி பிளைவுட்? ஆறடிப் பைப்? பின்கதவைத் திறந்துபோட்டு, கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டுத்தான் போகவேண்டும். உள்ளே இரண்டு பக்கமும் சக்கர மேடு துருத்தி நிற்கும். பக்கச் சுவர் கீழே இறங்காது. 4×4-ஆக உயர்த்தி நிறுத்தியதில் தளம் இடுப்புக்கு மேலே போய்விட்டது, 50 கிலோ சிமென்ட் மூட்டையைத் தோளில் வைத்திருக்கிற ஆளிடம் அது கூடுதலாக எத்தனை முறை முதுகை நிமிர்த்தச் சொல்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை.

இதை எண்ணுகிற ஒருவரிடம் கேட்டேன். சிப்காட் பக்கத்து டீக்கடையில், மகிந்திரா பிக்கப் ஓட்டுகிறவர். வயது ஐம்பதுக்கு மேல். கடைக்கு எதிரே நின்ற ஒரு வி-கிராஸைக் காட்டி, எப்படிண்ணே இருக்கு என்றேன். நன்றாக ஒருமுறை சுற்றி வந்தார். முன்னால் நின்று தலையாட்டினார். பின்னால் போய்க் கதவில் கை வைத்துப் பார்த்தார்.

"முன்னாடி பார்த்தா எம்.எல்.ஏ. வண்டி தம்பி. பின்னாடி பார்த்தா குளிக்கிற தொட்டி."

கேலி இருக்கட்டும். அதற்கடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். அவர் வண்டியில் மூன்று பக்கமும் மடங்கி இறங்கும். எந்தப் பக்கம் இடம் இருக்கிறதோ அந்தப் பக்கமாக இறக்கலாம். குடோன் வாசலில் வண்டியைத் திருப்ப இடமில்லாத சந்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கையால் வரைந்து காட்டினார். பக்கவாட்டில் ஃபோர்க்லிஃப்ட் வரலாம். லோடுமேன் இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று எடுக்கலாம். "ஒரே வாசல்னா ஒருத்தன் வேலை செய்வான், இன்னொருத்தன் பீடி பிடிப்பான்."

பிக்கப்பின் கதை இந்தியாவில் வேறு மாதிரி போனது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டாடா 1988-இல் டாடாமொபைல் என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தது. அதன் அடித்தளத்தின்மேல்தான் 1991-இல் சியரா, அப்புறம் எஸ்டேட், 1994-இல் சுமோ, கடைசியில் சஃபாரி எல்லாம் வரிசையாக வந்தன. அதாவது நம் ஊரில் குடும்பத்துக்கான பெரிய வண்டி பிக்கப்பின் வயிற்றிலிருந்து பிறந்தது. பிறந்த பிள்ளை பெரிய ஆளானதும், தாய் 207 என்ற பெயரில் மார்க்கெட்டுக்குக் காய்கறி தூக்கப் போய்விட்டாள். அமெரிக்காவிலும் தாய்லாந்திலும் பிக்கப் ஓட்டுவது ஒரு கௌரவம். இங்கே பிக்கப் என்றால் மஞ்சள் போர்டு, அவ்வளவுதான். வி-கிராஸ் அந்த நினைப்பை மாற்ற வந்த வண்டி. வெள்ளை போர்டில் பதிவாகும், தார் ரோட்டில் கம்பீரமாக நிற்கும், தொட்டியில் ஒரு சைக்கிளும் கூடாரமும் இருக்கும். அதே டி-மேக்ஸ் குடும்பத்தின் எஸ்-கேப் ஒரு டன்னுக்குச் சற்று மேல் சுமக்கும், மஞ்சள் போர்டு. ஒரே ஆலையில் பிறந்த அண்ணன் தம்பிகள். ஒருவன் கல்யாண வீட்டு முன்வாசலில், மற்றவன் சமையல் கொட்டகைக்குப் பாத்திரம் இறக்கிக்கொண்டு. மறுவடிவமைப்பு பற்றிய பேச்சு முழுக்க முன்வாசல்காரனைப் பற்றியது.

இதற்கு நேர் எதிரான வடிவமைப்பைப் பார்க்கவேண்டும் என்றால் வெளிநாடு போகவேண்டாம், காசிமேடு போதும். மீன்பாடி வண்டி. மூன்று சக்கரச் சைக்கிளில் பழைய ஸ்கூட்டர் இன்ஜினோ பைக் இன்ஜினோ மாட்டி, வடசென்னைப் பட்டறைகளில் செய்தது. சட்டம் அதை வண்டியாகவே ஒப்புக்கொள்வதில்லை, சத்தமும் புகையும் வேறு. அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதன் அமைப்பைக் கவனியுங்கள்: சுமை முன்னால், ஓட்டுபவர் பின்னால். அந்த வண்டிக்குத் தனியாக முகம் கிடையாது. ஐஸ் பெட்டிதான் முகம், இல்லையென்றால் கம்பிக்கட்டு, இல்லையென்றால் பழைய பீரோ. எதைச் சுமக்கிறதோ அதுவாக நம்மை நோக்கி வருகிற வண்டி. தளம் முழங்கால் உயரம். கூடையைத் தூக்கவே வேண்டாம், சாய்த்தால் போதும். பள்ளிக்கூடத்தில் படிக்காத வடிவமைப்பாளர்கள் சுமப்பவரின் முதுகிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நிறுவனங்களால் இப்படி யோசிக்கவே முடியாது என்றும் இல்லை. 2005-இல் வந்த டாடா ஏஸ், நம் குட்டி யானை, அப்படி யோசித்த வண்டி. கிரீஷ் வாக் தலைமையிலான குழு, மூன்று சக்கர லோடு வண்டி ஓட்டுபவர்களிடம் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தொடங்கியது. அதைப்பற்றி அடிக்கடி சொல்லப்படுகிற கதையில் ஒரு ஓட்டுநர் நாலு சக்கரம் இருந்தால் ஊரில் மதிப்பு, கல்யாணப் பேச்சில் மதிப்பு என்கிறார். என் வாதத்துக்கு இது கொஞ்சம் சங்கடமான கதை. சுமப்பவரைக் கேட்டால் அவர் தொட்டியைப் பற்றி மட்டும் பேசுவார் என்று நினைப்பதே ஒரு மேட்டிமைத்தனம். அவருக்கும் முகம் வேண்டும். தன் வண்டி மரியாதையாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவார். டீக்கடை அண்ணன்கூட வி-கிராஸின் முன்னால் நின்று தலையாட்டினாரே, அந்தத் தலையாட்டலில் பரிகாசம் இல்லை. ஆனால் வேலைக்கான வகைகளுக்குப் பெரும்பாலும் என்ன கொடுக்கிறார்கள்? பெயின்ட் அடிக்காத கறுப்பு பம்பர், தகரச் சக்கரம், கைப்பிடியில்லாத கதவோரம். முகத்தை முதலாளிக்கும் தொட்டியைத் தொழிலாளிக்கும் பிரித்துக் கொடுத்தபிறகு, முதலாளி வண்டியின் தொட்டியையும் பேருக்கு வைத்து, தொழிலாளி வண்டியின் முகத்தையும் பேருக்கு வைப்பது. எனக்கு ஒப்பாதது இந்தப் பிரிவினைதான். கிரில் எவ்வளவு பெரிது என்பது அப்புறம்.

பின்பக்கத்திலிருந்து யோசித்த சமகால உதாரணம் ஒன்று உண்டு. 2021 நவம்பரில் ஃபோர்டு காட்டிய புது ரேஞ்சர். ஆயிரக்கணக்கான பிக்கப்காரர்களிடம் பேசினோம் என்று அந்த நிறுவனம் சொன்னது. அப்படி எல்லாரும் சொல்வதுதான். ஆனால் இதில் தடயம் தெரிகிறது. தொட்டியில் இருப்பதை எடுக்க மக்கள் பின்டயரின்மேல் கால்வைத்து ஏறுகிறார்கள் என்பதைக் கவனித்து, பின்சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு படி வைத்தார்கள். மழைநாளில் டயர்மேல் ஏறி வழுக்கியவனுக்குத் தெரியும் அந்தப் படியின் அருமை. வண்டியை 50 மில்லிமீட்டர் அகலமாக்கி, சக்கர மேடுகளுக்கு நடுவே முழு அளவு மரப்பலகைத் தட்டு உட்காரும்படி செய்தார்கள். பின்கதவைத் திறந்தால் அது வேலைமேசை. அளவுகோல் அதிலேயே இருக்கிறது, மரத்தைப் பிடித்து நிறுத்தக் கவ்வி மாட்ட இடமும் இருக்கிறது. தொட்டியின் உள்விரிப்பு முழங்கால் போட்டு வேலை செய்பவருக்கு வலிக்காதபடி என்று விளக்கம் கொடுத்தார்கள். முழங்கால் என்ற சொல் ஒரு கார் நிறுவனத்தின் விளக்கத்தில், அதுவும் பின்சீட்டுக்காரர் முழங்காலாக இல்லாமல், வந்திருப்பது எனக்கு ஆச்சரியம். அதே ரேஞ்சரின் முகமும் போதுமான அளவுக்கு முறைக்கும். இரண்டும் சேர்ந்தே இருக்கமுடியும் என்பதுதான் விஷயம். இந்த ரேஞ்சர் நமக்குக் கிடைக்கவில்லை. ஃபோர்டு 2022-இல் மறைமலைநகர் ஆலையின் உற்பத்தியையே நிறுத்திவிட்டுப் போனது.

இப்போது, புது முகம் கேட்டுப் புலம்புகிறவர்களுக்குச் சாதகமாக ஒன்று சொல்லவேண்டும். அவர்கள் கேட்கவேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். மூன்றாம் தலைமுறை டி-மேக்ஸில் நிஜமான மறுவடிவமைப்பு கிரில்லுக்குப் பின்னால் இருக்கிறது. 2020-இல் ஆஸ்திரேலியாவின் ஆன்கேப் மோதல் சோதனை விதிகளைக் கடுமையாக்கியது. அந்தப் புது விதிகளின்கீழ் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் பிக்கப் இதுதான். அங்கே விற்ற வண்டியில் எட்டு ஏர்பேக். முன்னால் இருக்கிற இருவரின் தலைகள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க நடுவில் ஒன்று. கண்ணாடிக்கு மேல் இரண்டு கேமரா, மனிதக் கண்போல ஆழம் கணக்கிட்டு, குறுக்கே ஆள் வந்தால் தானாகவே பிரேக் போடுகிறது. இது கௌரவத்துக்கு வைத்தது கிடையாது, கூண்டின் எஃகிலிருந்து மறுபடி யோசித்தது. நம் ஊர் ரசிகர்கள் பகிர்கிற ஒப்பீட்டுப் படங்களில் எப்போதாவது இந்தக் கேமராவை அம்புக்குறி போட்டுக் காட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. விளக்குக்கு அம்பு, கிரில்லுக்கு அம்பு.

அதே சோதனையில் இன்னொன்றும் தெரிகிறது. உள்ளே இருக்கும் பெரியவர், குழந்தை, வெளியே நடந்துபோகிறவர், தானியங்கி உதவிகள் என்று நான்கு பிரிவாக மதிப்பெண் கொடுப்பார்கள். நான்கிலும் டி-மேக்ஸ் குறைவாக வாங்கியது நடந்துபோகிறவர் பிரிவில்தான். ஆச்சரியமில்லை. உயரமான, செங்குத்தான முன்பக்கம் ஆளைக் காலில் அடித்துப் பானட்டின்மேல் சாய்க்காது. இடுப்பிலும் நெஞ்சிலும் அடித்து முன்னால் தள்ளும். அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் 2023 நவம்பரில் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணில் சொன்னது: பானட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் இருக்கிற வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்து சரிந்து இறங்குகிற வண்டிகளைவிட, நடப்பவரை இடித்தால் அவர் இறந்துபோகும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம். ஆக, அழகியல் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிற இந்த முரட்டு முகத்துக்கு ஒரு விலை இருக்கிறது. கொடுப்பவர் வேறு ஆள். ஆரம்பாக்கத்திலோ கவரைப்பேட்டையிலோ ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, ஜி.என்.டி. ரோட்டைக் குறுக்கே கடக்கிற பெண். அவர் கையில் டிபன் பை, முதுகில் எட்டுமணி நேர நின்ற வேலை. வண்டியின் முகத்தை மிக அருகில் பார்க்க நேர்கிறவர்கள் இவர்கள்தான். டெஸ்லாவின் சைபர்டிரக்கைப் பார்த்து எதிர்காலம் என்று சிலிர்த்தவர்கள், அந்த எஃகு மூலையை இந்த இடத்தில், இந்த உயரத்தில் ஒருமுறை கற்பனை செய்து பார்க்கலாம்.

தொட்டியில் ஆட்களும் போகிறார்கள். இதை எந்த விளம்பரப் புத்தகமும் சொல்லாது, சொல்லவும் கூடாது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. ஆனால் விடியற்காலை ஆறு மணிக்குப் புதுவாயல் கூட்டுரோட்டில் நின்று பாருங்கள். கலவை மெஷினைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு பிக்கப் போகும். தொட்டியில் பாண்டுகளுக்கும் மண்வெட்டிகளுக்கும் நடுவே எட்டுப் பத்துப் பேர். தமிழ் கொஞ்சம், தெலுங்கு கொஞ்சம், இந்தி கொஞ்சம், ஒடியா கொஞ்சம். சிலர் பக்கச் சுவர்மேல் உட்கார்ந்திருப்பார்கள். பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது, கயிறு கட்டுகிற கொக்கியைத் தவிர. வண்டியில் எத்தனை ஏர்பேக் இருந்தாலும் அது இவர்களுக்கு இல்லை. மோதல் சோதனைப் பொம்மைகளில் தொட்டியில் உட்காரும் பொம்மை என்று ஒன்றும் இல்லை.

சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்தினால் பிரச்சினை தீர்ந்தது, இதற்கு வடிவமைப்பு எதற்கு என்று ஒரு நண்பன் கேட்டான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தொட்டியில் சீட்டு வைத்துக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது தப்பைச் சட்டமாக்குவது. நான் கேட்பது, ஒரு பிக்கப் நம் நாட்டில் யாரை எப்படிச் சுமக்கிறது என்று தெரிந்துகொண்டு யாராவது ஒருவர் காகிதத்தில் முதல் கோட்டைப் போட்டிருக்கிறாரா என்பதை. ஆறு பேர் கொண்ட வேலைக்குழுவும் அவர்கள் சாமானும் சட்டப்படி, பாதுகாப்பாகப் போகக்கூடிய, மேஸ்திரி வாங்கக்கூடிய விலையில் ஒரு இரட்டைக் கேபின் வண்டி ஏன் இல்லை? இரட்டைக் கேபின் என்றதும் ஏன் அது உடனே தோல் சீட்டும் தொடுதிரையும் 20 லட்சமும் ஆகிவிடுகிறது? எஸ்-கேப் அந்தத் திசையில் ஒரு அடி எடுத்து வைத்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பொலேரோ கேம்பரும் ரொம்ப நாளாக அதைச் செய்துகொண்டிருக்கிறது, மின்வாரியக்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும் அதில் போவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு வண்டியைப் பற்றியும் நான் ஒரு நல்ல விமர்சனம்கூட வாசித்ததில்லை. காரணம் எளிது. வண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள், நானும் சேர்த்துத்தான், முன்சீட்டில் உட்காருகிறவர்கள்.

டீக்கடை அண்ணனிடம் கடைசியாக, உங்க கையில குடுத்து மாத்தச் சொன்னா என்ன மாத்துவீங்க என்று கேட்டேன். நிறைய யோசிப்பார் என்று நினைத்தேன். யோசிக்கவே இல்லை, பல வருடமாகத் தயாராக வைத்திருந்த பட்டியல். தளத் தகடு இரண்டு மழைக்குள் ஓரத்தில் துருப்பிடிக்கிறது, தண்ணீர் வடிய ஓட்டை சரியான மூலையில் இல்லை. கயிறு கொக்கி வெளிப்பக்கம் துருத்துகிறது, சந்தில் போகும்போது பைக்காரன் முட்டியைக் கிழிக்கும். உள்ளே மடங்குகிற மாதிரி வேண்டும். ராத்திரி லோடு இறக்கத் தொட்டிக்குள் ஒரு லைட். கேபினுக்குப் பின்னால் கம்பி போடுகிற இடத்தில் ஆள் பிடித்துக்கொள்ள ஒரு குழாய். பின்கதவுச் சங்கிலி மெல்லிசாக இருக்கிறது, திறந்து போட்டு அதன்மேல் ஆள் நின்றால் பயமாக இருக்கிறது.

"அப்புறம் அந்த மூஞ்சி?" என்றேன், எதிர்ப்பக்கம் காட்டி.

"அது இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் கீழ இறக்கச் சொல்லு. முன்னாடி சின்னப் பசங்க நின்னா தெரியல."